கட்டில் பக்கத்துச் சுவர்

பிப்ரவரி 3

டைரக்டர் முதல் பிரதியைப் படித்துவிட்டார். காலை முழுக்க உட்காரவைத்துப் பேசினார். எதைக் கொடுத்தாலும் "இன்னும் கொஞ்சம் சுருக்குங்க" என்பதால் எங்களுக்குள் அவர் பெயர் சுருக்குப்பை. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. இன்று வாய் வரைக்கும் வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன்.

"நாவல் பிரமாதம்ங்க. உங்க அக்கா எழுத்துன்னா சும்மாவா? ஆனா அந்த வீட்டுல பொண்ணுங்க ரெண்டு பேர் வேணாம். ஒருத்தி போதும்."

"எந்த ஒருத்தி?"

"சின்னதை எடுத்துடலாம். பெரியவதானே கதை சொல்றா."

"அந்தச் சின்னது நான்தான் சார்."

சிரித்தார். "அட, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்கதான் இங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. இத்தனை வருடமாக அடுத்தவர் நாவலைத் திரைக்கதையாக அறுக்கிற வேலை எனக்கு. எத்தனை சித்தப்பாக்களை, எத்தனை பக்கத்து வீட்டுக்காரர்களை ஈவிரக்கம் இல்லாமல் வெளியே தள்ளியிருக்கிறேன். இரண்டு அத்தைகளை ஒரே அத்தையாகத் தைத்திருக்கிறேன். அந்த நாவலாசிரியர்கள் கண்ணீர் விட்டபோது, "சினிமா வேறங்க" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லியிருக்கிறேன். இன்று எனக்கு அதையே சொல்கிறார்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 4

யோசிக்க என்ன இருக்கிறது? அவர் சொல்வது சரிதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

பிப்ரவரி 6

அக்கா போய் இரண்டு வருடம் ஆகிறது. அவள் எழுதியது ஒரே ஒரு நாவல். எங்கள் வீடு, அப்பா எங்களை விட்டுவிட்டுப் போன வருடம், அவ்வளவுதான் அதில். பெயர்கள்கூடக் கிடையாது. வீட்டில் அம்மா எங்களைக் கூப்பிட்ட மாதிரியே பெரியவள், சின்னவள். பெரியவள்தான் "நான்" என்று கதை சொல்கிறாள்.

எழுத்தில் அவள் ஒரு வரியில் செய்துவிட்டுப் போகிற காரியத்தை என்னால் படத்தில் செய்ய முடியவில்லை. "அந்த வீட்டில் எல்லாரும் மற்றவர்களுக்காக மூச்சை மெதுவாக விட்டோம்" என்று எழுதியிருக்கிறாள். இதை எப்படிப் படம் பிடிப்பது? நாலு பேரை உட்காரவைத்து மெதுவாக மூச்சு விடச் சொன்னால் பார்க்கிறவன் டாக்டரைக் கூப்பிடுவான். பின்னணிக் குரலில் சொல்லலாம் என்றால் சுருக்குப்பைக்குப் பின்னணிக் குரலே ஆகாது. ஒவ்வொரு பிரதிக்கும் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஒரு காட்சியை மட்டும் யாரும் தொட முடியாது. அதற்காகத்தான் அந்த நாவலை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். விடியற்காலை. அப்பா கிளம்புவதற்கு முன்னால் சின்னவளை எழுப்பி, ஸ்டூலில் உட்காரவைத்து, சடை பின்னிவிடுகிறார். அவருக்குப் பின்னத் தெரியாது. ஒரு கால் தடியாக, இரண்டு கால் ஒல்லியாக, சடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. பின்னி முடித்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறார். திரும்பவே இல்லை. பெரியவள் இதைக் கட்டிலில் படுத்தபடி பார்க்கிறாள். அம்மா தூங்குகிறாள்.

அது நடந்தது. எனக்கு நடந்தது. அப்பா என்று எனக்கு இருப்பது அந்த ஒன்றுதான். அவருடைய புகைப்படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது, முகம் எனக்கு மங்கல். ஆனால் இடது காதுக்கு மேலே முடி சுளீரென்று இழுத்தது இன்னமும் தெரியும். இப்போது எழுதும்போதுகூட அந்த இடத்தில் கை போகிறது.

சின்னவளை எடுத்துவிட்டால் அந்தச் சடை பெரியவளுக்குப் போய்விடும்.

பிப்ரவரி 9

சம்மதித்துவிட்டேன். இல்லையென்றால் வேறு ஆளை வைத்து எழுதுவார்கள். என் வீட்டை முன்பின் தெரியாத ஒருவன் இடிப்பதைவிட நானே இடித்துவிடுகிறேன்.

பிப்ரவரி 12

கணினியில் "சின்னவள்" என்று வருகிற இடத்தில் எல்லாம் "பெரியவள்" என்று மாற்றச் சொன்னேன். எல்லாவற்றையும் மாற்றவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது. காணாமல் போவது இவ்வளவு சுலபமா?

பிறகு உட்கார்ந்து ஒட்டுப்போட்டேன். பகல் பூராவும் அதே வேலை.

சாயங்காலம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா அந்த நாவலைப் படித்ததே இல்லை. அக்கா உயிரோடு இருந்தபோதே மறுத்துவிட்டாள். "வாயால சொல்லாததை எழுத்துல எதுக்குப் படிக்கணும்?" என்பாள். என் திரைக்கதைகளை மட்டும் கேட்பாள், கீரை ஆய்ந்துகொண்டே. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. ஆனால் புத்தி கத்தி. கரண்டு பில்லில் தப்பு வந்தால் அவள்தான் கண்டுபிடிப்பாள்.

சடைக் காட்சியையும் படித்தேன். அம்மா கேட்டு முடித்துவிட்டு, காம்புகளை ஒரு பக்கம் தள்ளினாள்.

"சரியாத்தான் இருக்கு" என்றாள்.

"என்ன சரியா இருக்கு?"

"பெரியவளுக்குப் பின்னி விட்டாரே, அது."

பிப்ரவரி 13

சரியாத்தான் இருக்கு. அப்படியென்றால்?

திரைக்கதையைத்தான் சொல்லியிருப்பாள். நல்லா வந்திருக்கு என்கிற அர்த்தத்தில். அம்மாவின் பாராட்டு எப்போதும் ஒரு பிடி குறைவாகத்தான் இருக்கும்.

மார்ச் 2

எங்கள் வீட்டை இடித்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஸ்டுடியோவில் அதே அளவில் கட்டுகிறார்கள். கலை இயக்குநர் இடுப்பில் எப்போதும் அளக்கிற டேப் தொங்கும், அதனால் அவர் டேப். நல்ல மனிதர், மரத்தூளும் பெயிண்டும் கலந்த வாசனை. என்னைத் தரைப்படம் வரையச் சொன்னார். வாசல், சமையலறைக் கதவு, ஜன்னல், கட்டில்.

"நான் மூணு சுவர்தான் கட்டுவேன். நாலாவது பக்கம் கேமரா நிக்கணும். எந்தச் சுவரை விடலாம்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தச் சுவர்ல என்ன இருக்கு?"

"கட்டில். சின்னவ படுக்கிற இடம்."

"சின்னவதான் கதையில இல்லையே. அப்ப இதை எடுத்துடலாம்."

பென்சிலால் அடித்தார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் எனக்குக் குளிரெடுத்தது. பட்டப்பகல், மேலே தகரக் கூரை, வெயில் கொளுத்துகிறது. எனக்கு மட்டும் குளிர்.

மார்ச் 11

அம்மாவைச் செட்டுக்கு அழைத்துப் போனேன். ஏதாவது தப்பாக இருந்தால் சொல்லட்டும் என்று டேப்தான் கேட்டார்.

தப்பாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அம்மா வாசற்படியில் செருப்பைக் கழற்றி இடது பக்கமாக ஒதுக்கினாள். உள்ளே போனாள். யாரும் எதுவும் சொல்லாமலே கையைச் சுவரில் வைத்து சுவிட்சைப் போட்டாள். அது வெறும் பொம்மை சுவிட்ச், பின்னால் ஒயரே கிடையாது. விளக்கு எரிந்தது.

லைட்மேன் அந்த நேரம் பார்த்துச் சோதித்திருக்கிறார். அவரே மேலேயிருந்து சொன்னார். எல்லாரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. விளக்கு எரிவதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது மாதிரி பார்த்தாள்.

பிறகு மேக்கப் போடுகிற பெண் அம்மாவுக்கு நாற்காலி போட்டு, பேச்சுக் கொடுத்தாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். காதில் விழுந்தது.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?"

"ஒரே பொண்ணு. எழுதுவா. இப்ப இல்ல."

அப்ப நான் யாரு? காலையில உனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது யாரு, ஆட்டோ பிடிச்சு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தது யாரு? வேலைக்காரியா? அந்த மேக்கப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க உறவா?" என்று கேட்டாள். ஆமாம், உறவு என்றேன்.

மார்ச் 12

கேட்டேவிட்டேன். கேட்காமல் இருந்தால் மண்டை வெடித்துவிடும்.

"ஏம்மா ஒரே பொண்ணுன்னு சொன்னே?"

"அவ படத்தைப் பத்தித்தானே கேட்டா? படத்துல ஒண்ணுதானே இருக்கு?"

"உனக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டா."

"அப்படியா? எனக்குப் படத்தைக் கேட்ட மாதிரி இருந்துச்சு. இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு... போ, போய்க் குளி."

பதிலில் ஓட்டை இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. மறதியென்றால் டாக்டரிடம் போகலாம்.

மார்ச் 15

காலையில் இரண்டு தடவை என்னைப் "பெரியவளே" என்று கூப்பிட்டாள். இரண்டு தடவையும் என்ன என்று போனேன்.

மார்ச் 19

இன்று சடைக் காட்சி.

அப்பாவாக நடிப்பவர் கோடு இல்லாத சாம்பல் சட்டையில் வந்து நின்றார். என்னோடு வந்திருந்த அம்மா தூரத்திலிருந்தே, "அந்தச் சட்டை இல்ல. அன்னைக்குக் கோடு போட்டது" என்றாள். டைரக்டர் உடனே மாற்றச் சொன்னார். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாளே, அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு அலமாரியைத் திறந்து எந்தச் சட்டை இல்லை என்று பார்த்திருப்பாள், எந்தப் பெண்ணும் பார்ப்பாள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நடிகர் கோடு போட்ட சட்டையில் திரும்பினார். அதோடு சரி. இதுவரை மங்கலாக இருந்த அப்பாவின் முகம் இருந்த இடத்தில் இந்த மனிதரின் முகம் வந்து உட்கார்ந்துவிட்டது. பழையது எங்கே போயிற்று என்று தேடினால் அந்த மங்கலும் இல்லை.

பெரியவளாக நடிக்கிற குழந்தைக்கு ஒன்பது வயது, செட்டில் அதன் பெயர் வாலு. காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தது.

"ஆன்ட்டி, இதை எப்படிப் பண்றது?"

பார்த்தேன். "பெரியவள் திரும்பிப் பெரியவளைப் பார்க்கிறாள்" என்று இருந்தது.

முதல் பிரதியில் சின்னவள் ஸ்டூலிலிருந்து திரும்பி, கட்டிலில் படுத்திருக்கும் பெரியவளைப் பார்ப்பாள். கணினி மாற்றியதில் இப்படி ஆகியிருக்கிறது. அத்தனை தடவை படித்தும் என் கண்ணில் படவில்லை. டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "கண்ணாடி கொண்டு வாங்கப்பா!" என்றார். அந்த வரியை அடித்துவிடச் சொன்னார். வாலு சிரிக்கவில்லை. "என்னை நானே எப்படிப் பாக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே போயிற்று.

பிறகு டைரக்டர் என்னைக் கேட்டார். "நீங்க இதை எப்படிப் பாக்கறீங்க? கேமராவை எங்க வைக்கலாம்?"

யோசிக்காமல் சொன்னேன். "பின்னால இருந்து. கொஞ்சம் இடப்பக்கம். தாழ்வா. பொண்ணோட பின்னந்தலையும் அவர் விரலும் தெரியணும். முகம் வேணாம்."

கேமராமேன் நகர்த்தி நகர்த்தி, கடைசியில் சுவர் இல்லாத பக்கம், தரையோடு தரையாகக் கொண்டுபோய் வைத்தார். எல்லாருக்கும் திருப்தி. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆக்‌ஷன் சொல்வதற்கு முன்னால் வெளியே வந்து, தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றுகொண்டேன். உள்ளே சத்தமே இல்லை. இடது காதுக்கு மேலே இழுத்தது.

மார்ச் 20

பின்னந்தலை.

இதை எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதாமல் இருந்தால் வேறு யாரிடம் சொல்வேன்?

நேற்று நான் சொன்ன கோணம் நான் யோசித்துச் சொன்னது இல்லை. என் நினைவில் அந்தக் காட்சி எப்போதும் அப்படித்தான் இருக்கிறது. பின்னாலிருந்து. ஒரு சிறுமியின் பின்னந்தலை, முடியைப் பிரிக்கிற பெரிய விரல்கள், பாதி பின்னிய சடை.

நாலு பேர் எழுதிய திரைக்கதையில் "இது யாரோட பார்வை?" என்று கேட்டுச் சிவப்பு மையால் சுழிக்கிறவள் நான். அந்தச் சிவப்பு மையை என் தலையில் ஊற்றவேண்டும். என் பின்னந்தலையை நான் எப்படிப் பார்த்தேன்?

மார்ச் 23

ஒரு விளக்கம் கிடைத்தது. அக்காவின் நாவலை நான் அத்தனை தடவை படித்திருக்கிறேன், அவள் கண்ணால் பார்த்தது என் கண்ணில் ஒட்டிக்கொண்டது. இருக்கலாம். அப்படியானால் இழுத்த வலி யாருடையது?

ஏப்ரல் 6

எடிட்டர் கூப்பிட்டார். மெல்லிய குரல்காரி, அறையில் எப்போதும் சால்வை போர்த்தியிருப்பார். திரையைக் காட்டினார்.

"சடைக் காட்சியில ஒரு டேக்கும் முழுசா தேறலை. அப்பா பின்னி முடிச்சதும் அந்தக் குழந்தை திரும்பிப் பாக்குது. எல்லாத்துலயும். டைரக்டர் ஸ்பாட்லயே திட்டியிருக்காரு, அப்பவும் பாக்குது."

ஓடவிட்டார். விரல்கள் பின்னுகின்றன. சடை கோணலாக விழுகிறது. நடிகர் எழுந்து போகிறார். வாலு மெதுவாகத் திரும்பி, லென்ஸைப் பார்க்கிறது. சரியாக லென்ஸை அல்ல, அதற்குக் கொஞ்சம் கீழே. படுத்திருக்கிறவரைப் பார்ப்பது மாதிரி. முகத்தில் நடிப்பு ஒன்றும் இல்லை. சும்மா, இன்னும் முழிச்சிருக்கியா என்று கேட்பது மாதிரி ஒரு பார்வை.

அது என்னைத்தான் பார்த்தது. எடிட்டரும் பக்கத்தில்தான் இருந்தார், அவரையும்தான் பார்த்திருக்கும். சத்தியமாக எனக்கு அப்படித் தோன்றவில்லை.

"இதையெல்லாம் வெட்டிடறேன்" என்றார் எடிட்டர்.

இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 8

டப்பிங் தியேட்டரில் வாலுவைப் பிடித்தேன். ஜூஸ் டப்பாவில் குழாயைப் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"ஏண்டி கேமராவைப் பாத்தே?"

"கேமராவைப் பாக்கலை. கட்டிலைப் பாத்தேன்."

"அங்க ஏதுடி கட்டில்?"

"பாட்டிதான் சொன்னாங்க. என்னை நானே எப்படிப் பாக்கிறதுன்னு கேட்டேனா, உன்னைப் பாக்க வேணாம், அங்க கட்டில்ல ஒருத்தி தூங்குற மாதிரி நடிக்கிறா, அவளைப் பாருன்னு சொன்னாங்க. பாத்தேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டது. "அவளுக்கு நடிக்கவே வரலை ஆன்ட்டி. இமை ஆடுது."

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடும் என்று பயமாக இருந்தது.

அதே நாள், சாயங்காலம்

அம்மா பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து தலையணை உறையை எடுத்தேன்.

"வாலுகிட்ட கட்டிலைப் பாக்கச் சொன்னியாம்மா?"

"ஆமா. பாவம், எல்லாரும் அதைப் பாத்துச் சிரிச்சாங்க. யாருமே பதில் சொல்லலை."

"கட்டில்ல யாரு?"

"நீதான். வேற யாரு?"

"நான் ஸ்டூல்ல இருந்தேன். அப்பா எனக்குத்தானே பின்னிவிட்டாரு?"

அம்மா மடிப்பதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். இத்தனை நாளில் இன்றைக்குத்தான் என்னை, என்னையே பார்த்தாள்.

"உனக்கு ஏதுடி முடி அப்ப? விஷக் காய்ச்சல் வந்து கொத்துக் கொத்தா கொட்டி, மிச்சத்தையும் மழிச்சு விட்டிருந்தோம். மொட்டைத் தலைக்குத் தொப்பி போட்டுக்கிட்டுத் திரிஞ்சியே. இன்னும் சூடு குறையலைன்னு உன்னை என் பக்கத்துல, சுவத்தோரமா போட்டிருந்தேன். பெரியவளுக்குத்தான் பின்னினாரு."

தொப்பி. நீலத் தொப்பி, உள்ளே அரிக்கும். அது அடுத்த வருடம் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப அக்கா ஏன் அப்படி எழுதினா?"

"அவளைத்தான் கேக்கணும்" என்றாள் அம்மா. ஒரு சட்டையை எடுத்து உதறினாள். "சின்ன வயசுல நீ கேட்டுக்கிட்டே இருப்பே, அப்பா எனக்கு ஏன் பின்னலை, எனக்கு ஏன் பின்னலைன்னு. முடி வளந்தப்புறம், ராத்திரி அவதான் உன்னை உக்கார வச்சு, அப்பா இப்படித்தான் பின்னினாருன்னு கோணலா பின்னிவிடுவா. நீ அழுகையை நிறுத்துவே."

தலையணை உறையை மடியில் வைத்து நீவினேன். அப்புறம்தான் ஒன்று உறைத்தது.

"நீ தூங்கிட்டு இருந்தேன்னுதானே சொல்வே? நான் முழிச்சிருந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"பெரியவ சொன்னா" என்றாள். துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 9

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 11

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்கள். என் அக்கா மொட்டைத் தலைக்குச் சடையே பின்னிவிட்டாள். அச்சிலும் ஏற்றிவிட்டாள். இத்தனை வருடம் நானும் அதை நம்பி, காதுக்கு மேலே தடவிக்கொண்டிருக்கிறேன்.

இழுத்தது அவள் விரல். அதாவது எனக்கு வலித்தது நிஜம். அப்பாவின் கைதான் நிஜமில்லை.

கோபமாக வருகிறது. தன்னுடையதைத் தூக்கி எனக்குக் கொடுத்துவிட்டு, தான் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டாள். கேட்டேனா? ஆமாம், கேட்டிருக்கிறேன். அம்மாதான் சொல்கிறாளே, கேட்டுக்கொண்டே இருந்தேனாம். நாவல் வந்த அன்று அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான், "ஆமாக்கா, அப்படியேதான்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். எனக்கு அக்கா வேண்டும். இப்போதே வேண்டும்.

என்னுடையதைப் பிடுங்கி அவளுக்கு எழுதியதாக நினைத்தேன். சுருக்குப்பையும் கணினியும் சேர்ந்து அதை அவளிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். எடுத்த சுவர், வைத்த கேமரா, எல்லாம் யார் யாரோ ஏதேதோ காரணத்துக்குச் செய்தது. யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் எல்லாம் போய்ச் சரியான இடத்தில் நிற்கிறது. இதை நினைத்தால் பகலிலும் எனக்கு அறையில் தனியாக இருக்க முடியவில்லை.

ஏப்ரல் 20

டைரக்டரோடு சண்டை. அந்தப் பார்வை இருக்கவேண்டும் என்றேன்.

"என்னங்க, குழந்தை லென்ஸைப் பாக்குதுன்னு சின்னப் பையன்கூடச் சொல்லுவான். தப்புங்க அது."

"தப்பு இல்ல சார்."

"யாரைப் பாக்குறா? அங்க ஆள் இருந்தாத்தானே?"

"இருக்காங்க."

"யாரு?"

திரையைக் கைகாட்டினேன். எடிட்டர்தான் சால்வைக்குள்ளிருந்து கை நீட்டிக் காட்சியை மறுபடி ஓடவிட்டார். டைரக்டர் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"சரி, இருக்கட்டும்" என்றார். சுருக்கச் சொல்லவில்லை.

மே 2

அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். ஒருவருக்கொருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறோம். குழாய் ரிப்பேர், கண் டாக்டர், எதிர்வீட்டு நாய். அந்தக் காலையைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஜூன் 14

எங்களுக்கு மட்டும் படம் போட்டுக் காட்டினார்கள். சின்ன அரங்கம், யூனிட் ஆட்கள் கொஞ்சம் பேர். மத்தியானக் காட்சி. வெளியே வெயில், உள்ளே நுழைந்ததும் கண் தெரியவில்லை. அம்மாவைக் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். எனக்கு அந்தப் பக்கம் எடிட்டர்.

நாவலில் இருந்ததில் பாதி இல்லை. இருந்த பாதியில் அக்கா இருந்தாள். அவள் வரிகளில் ஒன்றுகூடப் படத்தில் இல்லை, ஆனால் அந்த வீட்டில் எல்லாரும் மெதுவாக மூச்சு விட்டார்கள். எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

சடைக் காட்சி வந்தது. கோடு போட்ட சட்டை. விரல்கள். கோணல் சடை. அவர் பெட்டியை எடுத்தார். பெண் திரும்பினாள். எங்களைப் பார்த்தாள்.

அப்போது என் கண் இருட்டிவிட்டது.

கை. அம்மாவின் உள்ளங்கை. திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே அவள் கையை நீட்டி என் கண்களைப் பொத்தியிருக்கிறாள். சோப்பு வாசனை. காதோரம் அவள் குரல் கேட்டது, இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத குரல். சின்ன வயசுப் பெண்ணுடைய குரல் மாதிரி இருந்தது.

"கண்ணை மூடிக்கோ சின்னவளே. நாம தூங்குறோம். அவர் போயிடட்டும்."

மூடிக்கொண்டேன்.

அப்பா வாசலைத் தாண்டியதை நான் பார்த்ததே இல்லை. அந்த இடத்தில் எனக்கு எப்போதும் இருட்டுதான். தூக்கம் என்று நினைத்திருந்தேன். கதவு திறக்கிற சத்தம் கேட்டது, காலடி கேட்டது, கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அம்மாவின் கை கண்ணை விட்டு நகரவில்லை. அதைப் பிடித்து இறக்கியிருக்கலாம். ஏம்மா அவரைப் போக விட்டே என்று கேட்டிருக்கலாம். நான் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு படுத்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்று எழுத வேண்டும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கையை எடுத்தபோது விளக்கு போட்டிருந்தார்கள், எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா பையில் கண்ணாடிக் கூட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எடிட்டர் என் பக்கம் குனிந்தார். "கடைசியில கண்ணை மூடிக்கிட்டே இருந்தீங்களே, பாக்கலையா?"

அம்மா தேடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தூங்கிட்டேன்" என்றேன்.